நல்ல நிலையில் பெற்றோம்

மார்ச் 3

அறுவை அரங்குத் தலைமைச் செவிலியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தை உங்கள் ஆஸ்பத்திரித் திசு வந்துபோகும் பெட்டியிலேயே, இன்றைய ரிப்போர்ட்டுகளுக்கு அடியில் வைத்து அனுப்புகிறேன். போன் செய்தால் நீங்கள் எடுக்கமாட்டீர்கள் என்று உங்கள் அண்ணன் சொன்னார். அவர் என் கணவரும்தான் என்பதால் நம்பினேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். அரசு மருத்துவக் காப்பீட்டில் ஒரு புது விதி வந்திருக்கிறது. உங்கள் ஆஸ்பத்திரியில் அறுத்தெடுக்கும் திசு எங்கள் லேபுக்கு வந்தால் அதில் இரண்டு வேலை உண்டு. ஒன்று, திசுவை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி ஸ்லைடு தயாரிப்பது. இன்னொன்று, அந்த ஸ்லைடை நான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து என்ன நோய் என்று எழுதுவது. இதுவரை இரண்டுக்கும் காப்பீட்டு அலுவலகத்துக்கே பில் அனுப்பினோம். இனிமேல், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நோயாளி என்றால், எங்களைப் போன்ற தனி லேப் பார்ப்பதற்கு மட்டும்தான் பில் போடலாமாம். தயாரிப்பதற்கு ஆஸ்பத்திரியிடம் வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

உங்களுடையது முப்பது படுக்கை ஆஸ்பத்திரி. உங்கள் நிர்வாகி நேற்றே சொல்லிவிட்டார்: "எங்களால முடியாது டாக்டர். எல்லாத்தையும் பெரிய ஆஸ்பத்திரி லேபுக்கே அனுப்பிடுறோம்." அங்கே முடிவு வர மூன்று வாரம். நாங்கள் இரண்டு நாளில் தருகிறோம். கட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டு ஒருத்தி மூன்று வாரம் எப்படிக் காத்திருப்பாள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

விதியில் ஒரு விலக்கு இருக்கிறது. ஒன்பது வருஷத்துக்கு முந்தைய ஜூலை முதல் தேதிக்கு முன்பே இந்த ஏற்பாடு இருந்து, இடையில் அறாமல் தொடர்ந்தால், பழைய முறையே நீடிக்கலாம். இருந்தது என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் காகிதம் கேட்கிறார்கள். எங்கள் ரெஜிஸ்டர் நாங்களே எழுதிக்கொண்டது, செல்லாது. உங்கள் ஆஸ்பத்திரியின் அந்த வருஷத்துப் பதிவேடுகள் குழாய் உடைந்து ஊறிப்போயின. ஆகவே இரு தரப்புக்கும் இடையே அன்றைக்குப் போன எழுத்து ஏதாவது வேண்டும். காப்பீட்டு அலுவலகத்தில் விசாரணை 17ந் தேதி.

நீங்கள் எதையும் தூக்கி எறியமாட்டீர்கள் என்று உங்கள் அண்ணன் சொல்கிறார். எந்தத் துண்டுக் காகிதமானாலும் உதவும்.

இப்படிக்கு,
லேப் டாக்டர்


மார்ச் 5

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

ரிப்போர்ட்டுகளுக்கு அடியில் உங்கள் கடிதத்தைப் பார்த்ததும், குடும்பத்தில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். காப்பீட்டு விதி என்று தெரிந்ததும் எழுந்து டீ குடிக்கப் போனேன்.

ஒன்பது வருஷமாக வாரா வாரம் நான் புட்டி அனுப்புகிறேன், நீங்கள் ரிப்போர்ட் அனுப்புகிறீர்கள். லேபிளில் எழுதுவதைத் தவிர நமக்குள் ஒரு வார்த்தை கிடையாது. உங்களிடமிருந்து எனக்கு வந்த கடைசிக் கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அந்த வருஷம் ஜூன் 11. லேபின் பெயர் அச்சடித்த தாள், முத்திரை விழுந்த உறை. நீங்கள் மறந்திருக்கலாம். எனக்கு மனப்பாடம். கொஞ்சம் எடுத்து எழுதுகிறேன்:

"வாரம் தவறாமல் உன் ஆஸ்பத்திரித் திசுவை வாங்கிப் பார்த்துக் கொடுக்கிறேன். நீயோ ஒரு கட்டியை ஃபார்மலினில் போடாமல் உப்புத் தண்ணீரில் போட்டு அனுப்பியிருக்கிறாய். நாங்கள் திறக்கும்போது கூழாகிவிட்டது. அந்த அம்மாளை மறுபடி மேஜையில் படுக்கவைக்க வேண்டும், உன்னால். ஒரு புட்டியில் எதை ஊற்றுவது என்று தெரியாத உன்னை நர்ஸ் என்று யார் சொன்னது? உன் அண்ணனும் இப்படித்தான், ஒரு வேலை சொன்னால் அரை வேலை. உங்கள் குடும்பத்துக்கே மூளையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் கொடுத்தார்கள் போலும். இனி உன் ஆஸ்பத்திரித் திசு என் லேப் வாசலை மிதிக்கக் கூடாது."

முதல் வரி உங்களுக்கு வேண்டிய சாட்சி. மீதி வரிகளை என்ன செய்யப் போகிறீர்கள்? கத்தரித்துக் கொடுத்தால் செல்லாது என்கிறார் எங்கள் நிர்வாகி.

தருவேனா என்று கேட்டால், யோசிக்க வேண்டும்.

இன்று மூன்று புட்டி அனுப்புகிறேன். மூன்றிலும் ஃபார்மலின்தான். முகர்ந்து பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
எதை ஊற்றுவது என்று இப்போது தெரிந்தவள்


மார்ச் 7

செவிலியர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை லேபில் நின்றபடியே படித்தேன். காது சுட்டது. அதையெல்லாம் நான் எழுதவில்லை என்று சொல்லவில்லை. மூளை பற்றிய வரி அதிகப்படி. அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அடிப்படையில் நான் சொன்னது மருத்துவ ரீதியாகச் சரி. ஃபார்மலின்தான் திசுவை அழுகாமல் காக்கும், உப்புத் தண்ணீர் காப்பாற்றாது.

இன்னொரு விஷயமும் வெளியே வந்திருக்கிறது. "தங்கச்சி எதையும் தூக்கி எறியமாட்டாள்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒன்பது வருஷமா நீங்களும் போகலையே?" என்று உங்கள் அண்ணனைக் கேட்டேன். லேபுக்குப் பில் போட்டுக்கொண்டிருந்தவர் கால்குலேட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. விடாமல் கேட்டதில் ஒப்புக்கொண்டார். மாதம் இரண்டு தடவை முடி வெட்டப் போகிறேன் என்று கிளம்புகிறவர் உங்கள் வீட்டுக்குத்தான் வருகிறாராம். அவர் தலை வழுக்கையாகி ஆறு வருஷமாகிறது. மைக்ரோஸ்கோப்பில் நாள் முழுக்கக் கண்ணை வைத்திருக்கிற எனக்கு இது கண்ணில் படவில்லை. நீங்கள் இருவரும் எவ்வளவு சிரித்திருப்பீர்கள்!

லேபில் நாலு பேர் வேலை செய்கிறார்கள். திசு சீவுகிறவரை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தலைமுடியில் இருபதில் ஒரு பங்கு மெல்லிசாகச் சீவுவதால் மெலிசு என்றே அவருக்குப் பெயர் விழுந்துவிட்டது. உங்கள் ஆஸ்பத்திரி போனால் எங்கள் வேலையில் பாதி போய்விடும். கடிதத்தைத் தயவுசெய்து அனுப்புங்கள். வெட்கப்பட வேண்டியது நான்தானே, பட்டுக்கொள்கிறேன்.

லேப் டாக்டர்


மார்ச் 9

டாக்டர் அவர்களுக்கு,

"மருத்துவ ரீதியாகச் சரி." நன்றாக இருக்கிறது.

ஃபார்மலின் ஊற்றிய புட்டிகளைத் திங்கட்கிழமை தோறும் அனுப்ப வேண்டியது உங்கள் லேப். அந்த வாரம் வரவில்லை. இரண்டு தடவை போன் செய்தேன். "வந்துடும் சிஸ்டர், வந்துடும்" என்றார்கள். சனிக்கிழமை கட்டி வெளியே வந்துவிட்டது. எங்கள் ஆபரேஷன் டாக்டர் அதை இடுக்கியில் பிடித்துக்கொண்டு, "எதுலம்மா போடுறது?" என்று நிற்கிறார். காயவிடுவதைவிட இது மேல் என்று உப்புத் தண்ணீரில் போட்டேன். லேபிளில் "ஃபார்மலின் இல்லை, வந்ததும் மாற்றவும்" என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். பெட்டி அன்று மத்தியானமே உங்கள் லேபுக்கு வந்துவிட்டது. திங்கட்கிழமை வரை யாரும் திறக்கவில்லை என்றால் அதுவும் என் மூளைதானா?

கடிதத்தை உங்கள் கையில் தரமாட்டேன். 17ந் தேதி நானே விசாரணைக்கு எடுத்துவருகிறேன். உங்களுக்காக இல்லை. நேற்று ஒரு அம்மா, மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால், "ரெண்டு நாள்ல தெரிஞ்சிடுமா சிஸ்டர்?" என்று கேட்டாள். "தெரிஞ்சிடும்" என்றேன். எத்தனையோ பேருக்குச் சொன்ன பதில். அதை மாற்றிச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

தலைமைச் செவிலியர்


மார்ச் 12

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று தாள் கிழித்துவிட்டேன். அதனால் பழையபடி நீ என்றே எழுதுகிறேன்.

நீ சொல்வதெல்லாம் எனக்குத் தெரியும். போன வாரம் தெரிந்ததல்ல. ஏழு வருஷமாகத் தெரியும்.

லேபுக்கு வெள்ளையடித்தபோது பழைய ரெஜிஸ்டரில் உன் லேபிள் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். "ஃபார்மலின் இல்லை, வந்ததும் மாற்றவும்." மெலிசைக் கூப்பிட்டுக் கேட்டேன். அந்த வாரம் புட்டிகளை வண்டியில் ஏற்ற மறந்துவிட்டார்கள். சனிக்கிழமை பெட்டியை யாரும் தொடவில்லை. "அன்னைக்கே ஏன் சொல்லலை?" என்றேன். "நீங்க இருந்த கோவத்துல யாரு டாக்டர் கிட்ட வருவாங்க?" என்றார்.

அன்றைக்கே உன்னிடம் வந்திருக்க வேண்டும். நாளைக்குப் போகலாம் என்றேன். பிறகு அடுத்த வாரம் என்றேன். தள்ளத் தள்ள, சொல்ல வேண்டிய வார்த்தை கனத்துக்கொண்டே போனது. தினம் உன் லேபிளைப் பார்ப்பேன். வட்ட வட்டமான அந்த எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சில் ஒரு குத்து. உடனே அடுத்த ஸ்லைடை எடுத்துவிடுவேன். வேலை இருக்கிறவர்களுக்கு ஒளிந்துகொள்ள நல்ல இடம் உண்டு.

தப்பு என்னுடையது. நோயாளிக்கும் தப்பு செய்தேன், உனக்கும் செய்தேன். என்னை மன்னித்துவிடு. நீ கடிதத்தைக் கொண்டுவந்தாலும் வராவிட்டாலும் இந்தப் பத்தியை நான் எழுதத்தான் வேண்டும். விதியே வராமல் இருந்தால் இன்னும் எழுதாமலே இருந்திருப்பேன் என்பதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

உன் அண்ணி
(என்று போடலாமா?)


மார்ச் 16

அண்ணி,

போடலாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அழுதேன் என்று எழுதமாட்டேன். முகமூடி கொஞ்சம் ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். மீதியை நேரில் பார்த்துக்கொள்ளலாம். இப்போது அவசரம் வேறு.

பெட்டியில் சிவப்பு மூடி போட்ட புட்டி ஒன்று இருக்கிறது. ஏழு வயதுப் பெண் குழந்தை. கழுத்தில் கட்டி. நேற்று எடுத்தோம். கெட்ட வியாதியாக இருக்குமோ என்று எங்கள் டாக்டர் சந்தேகப்படுகிறார். பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை சொல்லிவைத்திருக்கிறோம். நாளை சாயங்காலம் வரைதான் பிடித்துவைப்பார்களாம். அப்பாவும் அம்மாவும் துணிப் பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். குழந்தை மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என் கட்டி எங்க போச்சு?" என்று கேட்கிறது. "ஊர் சுத்தப் போயிருக்கு" என்றேன். "எப்ப வரும்?" என்கிறது.

நாளை நீங்கள் விசாரணைக்கு வர வேண்டாம். அந்த ஸ்லைடைப் பார்த்துச் சொல்ல உங்களைத் தவிர இங்கே ஆள் கிடையாது. மெலிசும் அங்கேயே இருக்கட்டும். அண்ணனைப் பில் கட்டுகளோடு அனுப்புங்கள், போதும். திட்டு வாங்கினவள் போகிறேன், திட்டினவர் எதற்கு?

பயப்படாதீர்கள். பார்த்துக்கொள்கிறேன்.


மார்ச் 17, மத்தியானம்

குழந்தைக்கு ஒன்றுமில்லை! ஒன்றுமே இல்லை!

விடிந்ததும் மெலிசு சீவ ஆரம்பித்தார். பதினெட்டு ஸ்லைடு. ஒவ்வொன்றையும் ஓரம் ஓரமாகத் தேடினேன். ஒரு கெட்ட செல்கூட இல்லை. தொண்டைப் புண்ணுக்காகச் சண்டைபோடக் கிளம்பி, புண் ஆறின பிறகும் அடங்காமல் வீங்கிக்கொண்டிருந்த நெறிக்கட்டி, அவ்வளவுதான். நம்மைப் போலவே என்று நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். உன் ஜூனியர் எடுத்தாள். நான் முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் ரிசீவரைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். வராந்தாவில் எழுந்த சத்தம் எனக்கு இங்கே கேட்டது. படுக்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

உன் போன் அணைந்திருக்கிறது. விசாரணைக்குள் இருப்பாய். அதனால் இதைக் கையால் எழுதி, ரிப்போர்ட்டோடு வண்டிக்காரரிடம் கொடுக்கிறேன். அங்கே என்ன ஆனாலும் சரி. இன்றைக்கு நாள் நல்ல நாள்.

அண்ணி


மார்ச் 18

அண்ணி,

நேற்று சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கினால் ஆஸ்பத்திரி வாசலில் அந்தக் குழந்தையின் அப்பா நிற்கிறார். என் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தார். பேச்சு வரவில்லை. உள்ளே போய் உங்கள் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு விவரம் தெரிந்தது. திரும்ப வெளியே ஓடி, இந்தத் தடவை நான் அவர் கையைப் பிடித்து ஆட்டினேன்.

இனி விசாரணை. அண்ணன் வீட்டுக்கு வந்து பாதி சொல்லியிருப்பார், பாதி சிரித்திருப்பார். முழுசையும் நான் சொல்கிறேன்.

நீளமான மேஜை, ஆடுகிற நாற்காலிகள். அதிகாரி ஒல்லியான மனிதர். வாயைத் திறந்தால் உட்பிரிவு நான்கு, சரத்து ஏழு என்றுதான் வருகிறது. வெளியே காத்திருந்தவர்கள் அவரைச் சரத்து சார் என்றே சொன்னார்கள். கடிதத்தை நீட்டினேன். உறையின் முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "ஆவணம் முழுசும் வாசிச்சுப் பதிவாகணும்" என்றார். வாசித்தார் அண்ணி! ஒரு எழுத்து விடவில்லை. சட்டப் புத்தகம் படிக்கிற அதே குரலில், "உங்கள் குடும்பத்துக்கே மூளையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து" என்று நிறுத்தி நிதானமாகப் படித்தார். தட்டச்சு அடித்த அம்மாளின் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது.

சார் நிமிர்ந்தார். "இதுல வர்ற அண்ணன்ங்கிறவர் யாரு?"

அண்ணன் வகுப்பில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி கையைத் தூக்கினார். "நான்தான் சார். அந்த அரை வேலைக்காரன்."

"பதிவு பண்ணிக்குங்கம்மா" என்றார் தட்டச்சு அம்மாளிடம்.

அதற்கப்புறம்தான் கொக்கி போட்டார். "ஏற்பாடு இருந்ததுன்னு முதல் வரி காட்டுது. சரி. ஆனா கடைசி வரியில இனிமே வாசலை மிதிக்கக் கூடாதுங்குது. அப்ப அன்னைக்கே ஏற்பாடு அறுந்துபோச்சே?"

அண்ணன் பில் கட்டுகளை அவசரமாகப் புரட்ட ஆரம்பித்தார்.

"அறுகலை சார்," என்றேன். "கடிதம் வந்த மறுநாளே ரெண்டு புட்டி அனுப்பினேன்."

"வாசலை மிதிக்கக் கூடாதுன்னு எழுதின பிறகுமா?"

"புட்டிக்குக் கால் ஏது சார்?"

"அவங்க வாங்கிக்கிட்டாங்களா?"

"வாங்கிக்கிட்டாங்க. ரெண்டே நாள்ல ரிப்போர்ட்டும் வந்துச்சு. அவங்க கோவம் என் மேலதான் சார். நோயாளி மேல இல்லை."

"ஆதாரம்?"

அப்போதுதான் கடிதத்துக்குப் பின்னால் குண்டூசி குத்தி வைத்திருந்த சீட்டைத் திருப்பிக் காட்டினேன். ரிப்போர்ட்டோடு வந்த ரசீது. ஜூன் 15. எங்கள் ஆஸ்பத்திரி பெயர், உங்கள் லேப் முத்திரை, உங்கள் கையெழுத்து. "இரண்டு புட்டிகள் பெற்றோம்" என்று இருக்க வேண்டிய இடத்தில், "பெற்றோம்" என்பதற்கு முன்னால் நீங்கள் பேனாவால் இரண்டு வார்த்தை நுழைத்திருக்கிறீர்கள். "நல்ல நிலையில்."

அண்ணி, அன்றைக்கு ராஜினாமா எழுதி மேஜையில் வைத்திருந்தேன். இந்தச் சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் அதைக் கிழித்தேன். நீங்கள் ஏன் அதை எழுதினீர்கள் என்று இதுவரை எனக்குத் தெரியாது.

சார் சீட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "இது ஒண்ணே போதுமேம்மா. தேதி இருக்கு, ரெண்டு தரப்பும் இருக்கு. உங்க பிந்தின ரெஜிஸ்டரோட சேர்த்தா முடிஞ்சது. முதல்லயே இதைக் குடுத்திருந்தா அந்தக் கடிதமே வேண்டாமே?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா?"

"ஒன்பது வருஷம் சார். அதிகாரம் இருக்கிறவங்க யாராவது ஒருத்தர் அதைச் சத்தமா படிச்சுட்டு, அநியாயம்னு சொல்லணும்னு ஒரு ஆசை."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அநியாயம்தான்" என்றார். "ஆனா அது எந்தச் சரத்துலயும் வரலை."

சொல்லிவிட்டு அந்த மனிதர் சிரித்தார் பாருங்கள்! தட்டச்சு அம்மாள் எழுந்து வெளியே ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

கோபிக்காதீர்கள். நீங்கள் மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால் போட்ட திட்டம் அது. கேட்ட பிறகு விட்டிருக்கலாம். மனசு வரவில்லை. இப்போது நீங்களும் நானும் சமம். உத்தரவு தபாலில் வருமாம்.


மார்ச் 27

உத்தரவு வந்துவிட்டது! விலக்கு உண்டு. இரண்டு வேலைக்கும் பழையபடியே பில் போடலாம். உன் அண்ணன் படித்துக் காட்டும்போது மெலிசு கையிலிருந்த மெழுகுக் கட்டியை மேலே தூக்கிப்போட்டுப் பிடித்தார். அதில் திசு இல்லை என்று பிறகு சொன்னார். அதுவரை எனக்கு உயிரே இல்லை.

நீ கோபிக்காதே என்றாய். கோபமா? கடிதத்தை அவர் எந்தக் குரலில் படித்தார் என்று உன் அண்ணன் தினம் ஒருமுறை நடித்துக் காட்டுகிறார். நேற்று நானே படித்துக் காட்டினேன். அவ்வளவு மோசமாக எழுதுகிறவள் ரிப்போர்ட் மட்டும் எழுதுவதே நல்லது.

அந்த இரண்டு வார்த்தை ஏன் என்று கேட்டாயே. புட்டிகள் உண்மையிலேயே நல்ல நிலையில் இருந்தன. மூடி இறுக்கம், லேபிள் நேர், ஃபார்மலின் சரியான அளவு. கடையில் நீயே வாங்கி ஊற்றியிருக்கிறாய் என்று வாசனையிலேயே தெரிந்தது. என் கோபம் தணியவில்லை. ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி எழுதாமல் கை நகரவில்லை. அது உன் ராஜினாமாவைக் கிழித்தது என்று தெரிந்திருந்தால் இன்னும் நாலு வார்த்தை எழுதியிருப்பேன்.

உத்தரவில் ஒரே ஒரு நிபந்தனை. வாய்ப்பேச்சாக இருக்கும் ஏற்பாட்டை முப்பது நாளுக்குள் எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். உன் நிர்வாகி உன்னையே போடச் சொல்லிவிட்டாராம். நீயே எழுது. நான் எழுதினால் என்ன ஆகும் என்பது அரசாங்கப் பதிவிலேயே இருக்கிறது.

அண்ணி


மார்ச் 29

அண்ணி,

எழுதிவிட்டேன். மூன்றே சரத்து. திங்கட்கிழமை தோறும் லேப் இருபது ஃபார்மலின் புட்டி அனுப்பும், தவறினால் டாக்டரே பஸ் ஏறிக் கொண்டுவருவார். சனிக்கிழமைப் பெட்டியைச் சனிக்கிழமையே திறக்க வேண்டும். குறை எதுவாக இருந்தாலும் டாக்டர் போனில் எவ்வளவு சத்தமாகவும் திட்டலாம், எழுதக் கூடாது. எழுதினால் ஆறுவதற்கு ஒன்பது வருஷம் பிடிக்கிறது.

மூன்றாவதை எடுத்துவிடச் சொல்லி நிர்வாகி கெஞ்சுகிறார். முடியாது என்றுவிட்டேன். சம்மதமா?


மார்ச் 30

முதல் இரண்டும் சம்மதம். மூன்றாவதை ஒத்துக்கொள்ளமாட்டேன். போனில் திட்டினால் நீ வைத்துவிடுவாய். திட்டுவதாக இருந்தால் நேரில்தான். நீயும் திட்ட வேண்டும். உனக்கும் ஒன்பது வருஷத்துப் பாக்கி இருக்கிறது, ஒரு தடவைகூட நீ என்னைத் திட்டவில்லையே.

ஞாயிற்றுக்கிழமை வந்து கையெழுத்துப் போடு. உன் அண்ணன் இப்போதே மாடி அறை ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டிக்கொண்டிருக்கிறார். பேச வேண்டியதெல்லாம் ஒரு நாளில் முடிகிற மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு வா.

அண்ணி